மறுபக்கம் வெள்ளையாக இருந்த தாள்

ஆறாம் நம்பர் லயம்,
மேமலைப் பிரிவு,
பதுளை.
செவ்வாய்க்கிழமை காலை.

லுணுகலைக் கடைவீதியில் கடை வைத்துப் பேரோடு இருக்கும் சம்பந்தியம்மா பரிமளம் அவர்களுக்கு, உங்கள் மகள் சிவசக்தியின் மாமியார் பாக்கியலெட்சுமி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே மழையைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் இப்போது வீட்டில் நான் ஒருத்திதான், ஆகவே நான் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தி ஐயா தர்மலிங்கமும் அவருடைய முழங்காலும் சுகமாக இருக்க மாரியம்மா பார்த்துக்கொள்ளட்டும். கடையில் வியாபாரம் எப்படி என்று கேட்கமாட்டேன். கேட்டால் கண்ணு வைக்கிறேன் என்பீர்கள்.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்கவேண்டாம். சனிக்கிழமை பின்னேரத்திலிருந்து உங்கள் வீட்டு நம்பருக்குப் பதினாலு மிஸ் கோல் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் ஒரு ரிங் என்றால் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாச்சு, இரண்டு ரிங் என்றால் நீங்கள் திரும்ப எடுங்கள், மூன்று ரிங் என்றால் ஆபத்து. கொழும்பில் வேலை செய்கிற என் மகன் சுரேசும் நானும் பதினைந்து வருசமாக இப்படித்தான் நல்லது கெட்டது எல்லாம் பேசிக்கொள்கிறோம், இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை. உங்கள் வீட்டில் யாருக்கும் அது விளங்கவில்லை. நேற்று மூன்று ரிங் விட்டேன், மூன்றாவது முடிகிறதுக்குள் சம்பந்தி ஐயா எடுத்து "ஹலோ, யாரு?" என்று கேட்டுவிட்டார். எடுத்ததும் எனக்குக் காசு வெட்டத் தொடங்கிவிட்டது. பதறிப்போய் நான் கட் பண்ணுவதற்குள் போனில் இருந்த மிச்சமும் போய்விட்டது. ஒரு சொல்லும் பேசாமல் அவ்வளவு காசு நான் ஒருநாளும் செலவழித்ததில்லை.

விசயத்துக்கு வருகிறேன். நம் பேத்தி கம்சலாவுக்கு வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பதுளையில் நேர்முகம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் வேலை. வரச்சொல்லி அனுப்பிய கடிதத்தை அசலாகக் கையில் கொண்டுவராதவர்களை உள்ளே விடமாட்டோம் என்று அந்தக் கடிதத்திலேயே போட்டிருக்கிறதாம். அந்தக் கடிதத்தைக் காணவில்லை. அதை நான் அடுப்பில் வைத்து எரித்துவிட்டேன் என்று உங்கள் மகள் சொல்கிறாள். சொன்னதோடு நிற்காமல் சனிக்கிழமை இரண்டு பையில் உடுப்பைத் திணித்துக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, உங்கள் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். வெறுங்கையோடு போய் வாசலில் நின்று அவமானப்பட மாட்டேன், நேர்முகத்துக்கே போகமாட்டேன் என்று பிள்ளையும் சொல்லிவிட்டது. இன்றைக்குச் செவ்வாய். நடுவில் ஒரு நாள்தான் இருக்கிறது. நான் எரிக்கவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சம்பந்தியம்மா, என்னை நீங்கள் இருபத்திமூன்று வருசமாக அறிவீர்கள். நான் தாள் எரிக்கிறவளா? அடுப்பு மூட்ட மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சி கிடக்கிறது, காய்ந்த மானாப்புல் கிடக்கிறது. விடியற்காலையில் பக்கத்து வீட்டில் புகை வந்தால் ஒரு கொள்ளியை வாங்கிவந்து என் அடுப்பைப் பற்றவைப்பேன், தீக்குச்சிகூட உரசமாட்டேன். சோறு ஒரு கொதி வந்ததும் பானையை இறக்கிச் சாக்கால் சுற்றி மூலையில் வைத்துவிட்டால் மீதியை அதுவே வேகவைத்துக்கொள்ளும், விறகு பாதி மிச்சம். இப்படிப்பட்டவள் ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற தாளைப் போய் நெருப்பில் போடுவேனா? அப்படித் தாள் வந்தால் பிஸ்கட் டின்னில் சேர்ப்பேன். கம்சலா சின்ன வயதில் வாய்ப்பாடு எழுதிப் பழகியது அந்தத் தாள்களில்தான். மடிப்பு விழுந்த தாளாக இருந்தால் முதலில் என் மெத்தைக்கடியில் ஒரு கிழமை, ஏழு நாளும், வைப்பேன், நான் படுத்து எழும்ப எழும்ப அது இஸ்திரி போட்டது மாதிரி நிமிர்ந்துவிடும், கரண்ட் செலவில்லை. கவரையும் வீசுவதில்லை. ஒட்டை மெதுவாகப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்து, சோற்றுப் பசை தடவினால் அது புதுக் கவர். இந்தக் கடிதம் வருகிற கவரைப் பாருங்கள், கடையில் வாங்கியது என்று சத்தியம் செய்வீர்கள். எழுதுவதும் பென்சிலால்தான். பேனையால் எழுதினால் தாள் அத்தோடு செத்தது, பென்சில் என்றால் அழித்து இன்னொரு முறை எழுதலாம். ஆகையால் வாசித்து முடிந்ததும் இந்தத் தாள்களைத் திருப்பி அனுப்பிவிட்டால் உபகாரமாக இருக்கும்.

கடிதம் வந்த கதையையும் சொல்கிறேன், நீங்களே ஞாயம் சொல்லுங்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தபால் ஏறி வருவதில்லை. சந்தியில் பர்ஹான் தம்பியின் பலசரக்குக் கடையில் எல்லாருடைய கடிதமும் ஒரு பெட்டியில் கிடக்கும், போகிறவர்கள் வருகிறவர்கள் கிண்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். போன மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை கம்சலா மழையில் ஓடி வந்தது. நனையாமல் இருக்கச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த பழுப்புக் கவரை என் கையில் தந்தது. கவரை நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். உள்ளே இருந்ததைப் பிள்ளை எடுத்து வாசித்தது. சிங்களத்தில் அடித்திருந்ததைத் தமிழில் சொன்னது. எனக்கு அது முழுதும் கேட்கவில்லை, "டீச்சர்" என்ற ஒரு சொல்தான் கேட்டது. நான் படித்த காலத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு சரி. அஞ்சாம் வகுப்பில் நான்தான் முதலாம் பிள்ளை, ஆறாம் வகுப்புக்குப் போக வழியில்லாமல் கூடையைக் கட்டிக்கொண்டு பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்து பறிக்கப் போனேன். அந்த மாதிரிப் பள்ளிக்கூடத்தில் என் பேத்தி பிரம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறது என்றால் எனக்கு வேறு என்ன கேட்கும்? பிள்ளை கடிதத்தைத் திரும்பக் கவருக்குள் வைத்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகியது. அதை நானும் பார்த்தேன், உங்கள் மகளும் பார்த்தாள்.

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி நான் வழக்கம்போல சாமித் தட்டைத் துடைத்தேன். அங்கே சேர்ந்து கிடந்த பழைய கலண்டர், கரண்ட் பில், யாரோ வைத்த கலியாணப் பத்திரிகை எல்லாவற்றையும் ஒதுக்கினேன். சாமித் தட்டுக்கு மேலே இருக்கிற பல்பை நான்தான் கழற்றி வைத்திருக்கிறேன், சாமிக்கு விளக்கு வெளிச்சம் போதும். மூக்குக் கண்ணாடியும் போடவில்லை, அதை எழுதப் படிக்க மட்டும்தான் எடுப்பேன், பாவிக்கப் பாவிக்கக் கண்ணாடியும் தேயுமல்லவா. ஆனால் கண் தெரியாவிட்டாலும் கை தெரியும். அன்றைக்கு என் கை எதையும் அடுப்புக்குக் கொண்டுபோகவில்லை. அதைச் சாமி முன்னால் நின்று சொல்வேன்.

சனிக்கிழமை காலையில் பிள்ளை கடிதத்தை எடுக்கப் போய்ப் படத்துக்குப் பின்னால் கையை விட்டது. இல்லை. அதற்குப் பிறகு இந்த வீடு ஒரு வீடாக இல்லை. உங்கள் மகள் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள், அரிசிப் பானைக்குள் கையை விட்டாள், அடுப்புச் சாம்பலை வாரி வாசலில் கொட்டிக் குச்சியால் கிளறினாள். நான் பல் விளக்க எடுத்துவைத்த சாம்பல் அது. அதில் சுருண்டு கருகின ஒரு துண்டு கிடந்தது. கருவேப்பிலைக் காம்பு என்று நான் சொன்னேன், கடிதத்தின் மூலை என்று அவள் சொன்னாள். நானும் சும்மா இருக்கவில்லை, எல்லா இடத்திலும் அந்தப் பழுப்புக் கவரைத் தேடினேன். என் மெத்தையைக்கூடத் தூக்கிப் பார்த்தேன், அங்கே வெறும் தாள்கள்தான் இருந்தன, கவர் ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவள் கேட்டாள். லயத்தில் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது.

"அத்தை, சோப்புத் துண்ட மிச்சம் புடிச்சீங்க, சும்மா இருந்தேன். தீக்குச்சிய மிச்சம் புடிச்சீங்க, சும்மா இருந்தேன். எம்புள்ள உத்தியோகத்துல போயா மிச்சம் புடிக்கணும்?"

நான் பதில் சொல்லியிருக்கலாம். இருபத்திமூன்று வருசத்துப் பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அதற்குள் கம்சலா வந்து என் முன்னால் உட்கார்ந்தது. அழவில்லை, சத்தம் போடவில்லை, சாம்பல் படிந்த என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டது.

"எரிச்சிருந்தா சொல்லிடுங்க அப்பாயி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தேடுறதையாவது நிப்பாட்டலாம்."

சம்பந்தியம்மா, உங்கள் மகள் சொன்னது காதோடு போச்சு. பிள்ளை சொன்னது போகவில்லை. எரிக்கவில்லை கண்ணு என்றேன். பிள்ளை தலையை ஆட்டியது. நம்பினால் ஆட்டுகிற மாதிரி இல்லை, கிழவியைச் சமாதானம் பண்ண ஆட்டுகிற மாதிரி. மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அதுவும் ஒரு மிச்சம்தான் என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது தாளும் முடிந்துவிட்டது. முதல் தாள் கலண்டர், இரண்டாவது கரண்ட் பில்லின் முதுகு. சம்பந்தி வீட்டுக்கு எழுதுகிற கடிதத்தை நல்ல தாளில் முடிப்போம் என்று மெத்தைக்கடியிலிருந்து ஒன்றை எடுத்திருக்கிறேன். மறுபக்கத்தில் என்னவோ சிங்களத்தில் அடித்து முத்திரை குத்தியிருக்கிறது, கரண்ட்காரர்கள் அனுப்புகிற நோட்டீசாக இருக்கும். இந்தப் பக்கம் பால் மாதிரி வெள்ளை. தடித்த தாள், மடிப்பும் நன்றாக நிமிர்ந்துவிட்டது. உங்களுக்காகத்தான் எடுத்தேன்.

நல்ல தாளில் நல்லதாகத்தான் எழுத நினைத்தேன், ஆனால் உள்ளதைச் சொல்லாமல் முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், கோபித்தாலும் சரி. பிள்ளை வளர்க்கத் தெரியாத வளர்ப்பு உங்கள் வளர்ப்பு. கலியாணமாகி வந்த முதல் நாளே உங்கள் மகள் தேத்தண்ணிக்குள் மூன்று கரண்டி சீனியைப் போட்டுக் கலக்கினாள். நாங்கள் சீனியை உள்ளங்கையில் வைத்து நாக்கில் தொட்டுக்கொண்டு குடிப்போம், ஒரு கரண்டி மூன்று கோப்பைக்கு வரும். கலக்கினால் பாதி சீனி கோப்பையின் அடியில் கிடந்து கழுவுகிற தண்ணீரோடு போகும், அந்தத் தண்ணீரைக்கூட நான் முருங்கைக்கு ஊற்றினேன். உங்கள் வீட்டில் பட்டப்பகலில் லைட் எரிவதை நான் கண்ணால் பார்த்தேன், போன பொங்கலுக்கு வந்தபோது நான்தான் நாலு அறையிலும் அணைத்துவிட்டு வந்தேன், கக்கூசுக்குள் சம்பந்தி ஐயா இருந்தது எனக்குத் தெரியாது. ஊரே குளிரில் நடுங்குகிறபோது உங்கள் வீட்டில் காற்றாடி சுற்றுகிறது. தேங்காயை ஒரு தடவை பிழிந்துவிட்டுச் சக்கையை வீசுகிறீர்கள். கடைவீட்டுப் பெண்ணை எடுத்தால் கை நிறைய வரும் என்று லயமே சொன்னது, வந்தது கை நிறைய ஓட்டைதான்.

உங்கள் மகள் என்னைக் கஞ்சப்பிசினாரி என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிகிறாள். அவளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். கம்சலா உயர்தரம் படித்த இரண்டரை வருசமும் பதுளைக்கு பஸ்ஸில் போய் வந்ததே, அது எதில் போனது? சுரேஸ் அனுப்புவது கடனுக்கும் கடைக்கும் சரி. ஒவ்வொரு வேளையும் அரிசி களைவதற்கு முன் ஒரு பிடியைத் திரும்ப எடுத்து வேறு பானையில் போட்டேன். ஆளுக்கு ஒரு வாய் குறைந்திருக்கும், யாருக்கும் தெரியாது. அந்தப் பானை நிறைந்தால் அந்த மாதம் அரிசி வாங்குவதில் ஒரு கிழமை குறையும், அந்த ஒரு கிழமைக் காசுதான் பிள்ளையின் பஸ். நேர்முகத்துக்கு உடுத்தப் பிள்ளைக்கு எடுத்து வைத்திருக்கிற நீலச் சேலையும் அப்படி வந்ததுதான். அது இப்போது மடிப்புக் கலையாமல் அலுமாரியில் இருக்கிறது. நானே படிக்கவைத்த பிள்ளையை நானே கெடுப்பேனா?

ஆகையால் இதைக் கேட்கத்தான் எழுதினேன். நாளைக்குப் பிள்ளையை அனுப்பி வையுங்கள். வியாழக்கிழமை நான் கூடப் போகிறேன். அந்த அதிகாரி முன்னால் நின்று, கடிதம் தொலைந்தது பிள்ளையின் குற்றமில்லை, எரித்துவிட்டேன் என்று என் மேல் பழி விழுந்திருக்கிறது, நான் எரிக்கவில்லை, ஆனால் எரித்தேன் என்று சொன்னால்தான் உள்ளே விடுவீர்கள் என்றால் எரித்தேன் என்று எழுதியும் தருகிறேன் என்று சொல்லிவிடுவேன். எனக்கு மானம் பெரிதுதான். பிள்ளை வாசலோடு திரும்பி வருவதை விடப் பெரிதில்லை. ஆனால் உங்கள் மகள் என்னிடம் மன்னிப்புக் கேட்காமல் இந்த வாசற்படி ஏறக்கூடாது, இதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கடிதத்தை ஒன்றரை மணி லுணுகலை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து விடுகிறேன், முத்திரைச் செலவில்லை. பேத்திக்கு என் முத்தம், சம்பந்தி ஐயாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெய், உங்களுக்கு நீண்ட ஆயுள், உங்கள் வீட்டு லைட்டுகளுக்கு நல்ல ஓய்வு. எல்லாரும் மனம் குளிர வாழ வேண்டும் என்று கும்பிட்டு,

உங்கள் சம்பந்தி,
ஐந்தாம் வகுப்பு வரை படித்த பாக்கியலெட்சுமி.

பின்குறிப்பு: இதை பர்ஹான் தம்பியின் கடையில் நின்று எழுதுகிறேன். எழுத ஒரு புதுத் தாள் தந்தார், இரண்டு பக்கமும் வெள்ளை, எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றே தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். கவர் மேல் சிங்களத்திலும் விலாசம் போட்டுத் தரச்சொல்லித்தான் வந்தேன். சோற்றுப் பசை காயாமல் கவர் வாய் திறந்துகொண்டு மூன்றாவது தாள் கீழே விழுந்தது. தம்பி குனிந்து எடுத்தார். எடுத்தவர் அச்சடித்த பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார்.

"ஆச்சி, இது கரண்ட் நோட்டீஸ் இல்ல. இதுல கம்சலாட பேரு இருக்கு. வியாழக்கிழம எட்டரைக்கு வரச்சொல்லி இருக்கு" என்றார்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். சிங்களம் சிங்களமாகத்தான் இருந்தது. கவரையும் பிரித்து உள்ளே பார்க்கச் சொன்னேன். உள்பக்கத்தில் பழுப்பும் ஆபீஸ் முத்திரையும் எங்கள் லயத்து விலாசமும் இருந்தன. மூன்று நாளாக எந்தக் கவரைத் தேடினேனோ அதைச் சாமித் தட்டைத் துடைத்த அன்றைக்கே நானே திருப்பி ஒட்டி வைத்து, அதற்குள் எந்தக் கடிதத்தைத் தேடினேனோ அதன் முதுகில் உங்களைத் திட்டி எழுதி, உங்களுக்கே அனுப்ப இருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை என் கை எதையும் அடுப்புக்குக் கொண்டுபோகவில்லை என்று எழுதினேனே, அது ஒன்றுதான் மேலே எழுதினதில் உண்மை. மெத்தைக்குக் கொண்டுபோயிருக்கிறது.

இதை எந்தக் கண்டக்டர் கையிலும் நம்பிக் கொடுக்க மாட்டேன். நானே அந்த பஸ்ஸில் வருகிறேன். நீலச் சேலையையும் எடுத்துக்கொண்டேன். உங்கள் வாசலுக்கு வந்ததும் எனக்கு வாயால் சொல்ல வராது, அதனால் இந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவேன். இதை மட்டும் வாசியுங்கள். சிவசக்தியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், மன்னிப்பு யார் யாரிடம் கேட்பது என்பதை மாற்றி எழுதியிருக்கிறேன் என்று. லைட், காற்றாடி, கை நிறைய ஓட்டை, உங்கள் வளர்ப்பு எல்லாம் பிள்ளையின் கடிதத்து முதுகில் இருக்கிறது. வியாழக்கிழமை அந்த அதிகாரி தாளைத் திருப்பிப் பார்த்தால் பிள்ளையின் கதி என்ன? பென்சில் என்பதால் பிழைத்தோம். பர்ஹான் தம்பி பழைய செருப்பு ரப்பரில் ஒரு துண்டு வெட்டித் தருகிறேன் என்றார், வேண்டாம் தம்பி, கறை விழும், கடை ரப்பரே தாங்க என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வாசனை ரப்பர், மஞ்சள் நிறம், ஒன்று வாங்கியிருக்கிறேன். ஒன்று போதும் சம்பந்தியம்மா. பாதியாக வெட்டுவோம், தாளின் மேல் பாதியை நீங்கள் அழித்துவிடுங்கள், கீழ்ப் பாதியை நான் அழிக்கிறேன்.